மோகனசுந்தரம் என்கிற பிற செயலி

ஆடி பிறந்ததிலிருந்து மோகனசுந்தரத்தின் மனைவிக்கு அவன் பெயரில் வானிலைதான் செய்தி அனுப்பி வந்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி கொடுத்தவன் மோகனசுந்தரம்தான்.

அவனுக்கு ஈரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. மனைவி கோகிலவாணிக்குத் தாராபுரத்தில் வேலை. அங்கே ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் ஈரத்தாளின் மேல் விதைகளைப் பரப்பி, எது முளைக்கும் எது முளைக்காது என்று பார்த்துச் சொல்வாள். கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி அறையில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஈரோட்டுக்கு வருவாள். திங்கட்கிழமை விடியலில் போய்விடுவாள். மற்ற நாட்களில் அவர்களுடைய இல்லறம் கைபேசிக்குள் நடந்தது. அவள் நாலு வரி எழுதுவாள். அவன் "ம்" என்று போடுவான். மனசு நன்றாக இருக்கிற நாட்களில் "சாப்ட்டியா" என்று சேர்த்துக்கொள்வான்.

ஒருநாள் மத்தியானம் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தான். திருகு மிகச் சிறியது. உதடுகளுக்கிடையில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது கைபேசி அவனைக் கேட்டது: உங்கள் செய்திச் செயலியைப் பிற செயலிகள் இயக்கலாமா? வாயைத் திறந்தால் திருகு விழுந்துவிடும். சுண்டுவிரலால் "சரி"யைத் தொட்டான்.

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கியபோது படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் குள்ளம். கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினார். தன் பெயர் நடை என்றார். இன்னொருவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். வானம் வெறிச்சென்று கிடந்தது. ஆனாலும் அவருடைய இடது தோள் நனைந்திருந்தது. அவர் பெயர் வானிலை. அனுமதி கிடைத்தபடியால் வந்திருப்பதாகச் சொன்னார்கள். மோகனசுந்தரம் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டான். கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் கூட்டம் இருப்பதுபோல் தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது.

நடையின் வேலை எளிது. தினமும் சாயங்காலம் கைபேசியை எடுத்து, "இன்னிக்கு நல்லா நடந்தேன்" என்று கோகிலவாணிக்கு அனுப்புவார். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். அதோடு சரி.

வானிலை வந்தவுடனே எழுதவில்லை. கண்ணாடி போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெற்கே தாராபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் மேசையிலிருந்த கைபேசியை எடுத்தார்.

"வாணி, சாயங்காலம் அங்க காத்தும் இடியும் பலமா இருக்கும். மாடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்க. பயப்படாதே."

மோகனசுந்தரம் தன் மனைவியை வாணி என்று எழுதியதில்லை. கூப்பிட்டதும் இல்லை. "இந்தா" என்பான். அவள் வருவாள்.

பதில் உடனே வந்தது. "போட்டுட்டேனுங்க. நெசமாவே காத்து அடிக்குது. நீங்க எப்படி அங்க இருந்துட்டே சொன்னீங்க?"

மோகனசுந்தரம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கல்யாணமான புதிதில்கூட அவள் அவனிடம் எதையும் எப்படி என்று கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. வானிலைக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவர் நன்றி சொல்லிவிட்டு, ஆவி அடங்குகிறவரை டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்த கோகிலவாணி அவனுக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது கரண்டியை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இடின்னா பயம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவளுக்கு இடி என்றால் பயம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"தெரியும்" என்றான்.

தட்டில் ரசம் நிறைந்து வழிகிற வரைக்கும் ஊற்றினாள்.

ஆவணியில் செய்திகள் நீண்டன. வானிலை தினமும் எழுதினார். மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, துணியை எப்போது காயப்போடலாம், சன்னலை எந்த அளவு திறந்து வைத்தால் அறை புழுங்காது என்றெல்லாம் எழுதினார். கோகிலவாணியும் எழுதினாள். சின்ன வயதில் இடி இடித்தால் தலையணை உறைக்குள் தலையை விட்டுக்கொள்வாளாம். உறைக்குள் இருட்டாக இருக்குமாம். பஞ்சு வாசம் அடிக்குமாம். அதற்குள் இருக்கிறவரைக்கும் தான் வேறு வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்வாளாம். இப்போதும் தாராபுரத்தில் அப்படித்தான் செய்கிறாளாம்.

கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டில் தலையணைக்கு உறை மாட்டுகிறவன் மோகனசுந்தரம். அவனுக்கு இது தெரியாது.

வானிலை அதைப் படித்துவிட்டுத் தெற்கே பார்த்தார். பிறகு எழுதினார். "இனிமே இடி வர்றதுக்கு முந்தியே சொல்லிடறேன்."

அவள் எழுதினாள். "நீங்க சொன்னாப் போதும்."

அன்றைக்கு மோகனசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட புளிக்குழம்பாக இருக்கும் என்று நினைத்தான். மறுநாள் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டான். எரிந்தது. அதற்கு மறுநாள் ஒன்றுமே சாப்பிடவில்லை. அப்போதும் எரிந்தது. மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தான். மருந்து இளஞ்சிவப்பாக இருந்தது. வானிலை அதைப் பார்த்துவிட்டு, சாயங்கால வானமும் இன்றைக்கு இதே நிறத்தில்தான் இருக்கும் என்றார். அப்படியேதான் இருந்தது. அதையும் அவளுக்கு எழுதினார்.

தானே எழுதுவது என்று மோகனசுந்தரம் முடிவு செய்தான். கைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் கண்ணாடி தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். வெகுநேரம் யோசித்தான். கடைசியில், "சாப்ட்டியா" என்று எழுதி அனுப்பினான்.

"ம்" என்று வந்தது.

இத்தனை வருடங்களில் அவனுக்கு "ம்" வந்தது அதுதான் முதல்முறை. அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கினாலும் அது "ம்" ஆகவே இருந்தது.

முன்பக்கம் வந்து வானிலையின் எதிரில் நின்றான்.

"நான் எழுதுனா மட்டும் ஏன் இப்படி?"

வானிலை கைபேசியை வாங்கிப் படித்தார். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஈரப்பதம் கம்மியா இருக்குதுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வானிலையும் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமைக்கும் வானிலை உண்டு என்பதால் மோகனசுந்தரத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நடையும் கூடவே வந்தார். ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி டீ கொண்டுவந்தாள். வானிலையின் டம்ளரை மட்டும் ஆற்றிக் கொடுத்தாள். அவருக்கு அப்படித்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு வானிலை டம்ளரை வைப்பதற்காகச் சமையலறைக்குப் போனார். உள்ளேயிருந்து கோகிலவாணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மோகனசுந்தரம் எழுந்தான். ஹாலிலிருந்து சமையலறைக்கு ஒரு சின்ன நடைவழி. இரண்டு எட்டு வைத்தால் போய்விடலாம். அன்றைக்கு அது நீண்டது. அவன் நடந்தான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தாண்டினான். கொஞ்ச தூரத்தில் அதே காலண்டர் மறுபடி வந்தது. சிரிப்பு அடுத்த அறையில் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் வலித்தது. ஒரு இடத்தில் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான். கூடவே வந்த நடை, இந்த வாரத்தில் இதுதான் நல்ல நடை என்று உற்சாகப்படுத்தினார்.

அவன் சமையலறையை அடைந்தபோது டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தன. யாரும் இல்லை. அடுப்பு துடைத்திருந்தது. திரும்பி வருவதற்குள் சனிக்கிழமை முடிந்துவிட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை மோகனசுந்தரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். வானிலை ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். தாராபுரம் பஸ் வந்தது. கோகிலவாணி இறங்கினாள். மோகனசுந்தரம் கையை நீட்டினான். அவள் தன் பையை வானிலையிடம் கொடுத்தாள். பிறகு மோகனசுந்தரத்தைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் மரியாதையாகச் சிரித்தாள்.

"கண்ணாடிக் கடைக்காரருங்களா? இன்னிக்குக் கடை இல்லீங்களா?"

"இருக்குது" என்றான் மோகனசுந்தரம்.

"அப்ப நாங்க வர்றமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வானிலையோடு போனாள். அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். வெயில் அடித்தது. அவர்கள் நடந்த பக்கம் மட்டும் நிழலாக இருந்தது.

திங்கட்கிழமை மோகனசுந்தரம் அனுமதியை நிறுத்துவதற்காக செட்டிங்ஸ் ஆபீசுக்குப் போனான். அது பழமண்டிக்குப் பின்னால் இருந்தது. அவன் இத்தனை வருடமாக அந்த வழியாகப் போய் வந்திருக்கிறான். ஆபீஸ் இருந்தது. அவனுக்கு அங்கே வேலை இல்லாமல்தான் இருந்தது.

உள்ளே எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. அதைத் திறந்தால் அதற்குள்ளே ஒன்று. "ஒலி" என்ற கதவைத் திறந்தபோது நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாத்தினான். "வெளிச்சம்" என்ற கதவுக்குள் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாக "அனுமதிகள்" வந்தது. அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

மோகனசுந்தரம் விஷயத்தைச் சொன்னான். வானிலை என்கிறவர் தன் பெயரில் தன் மனைவிக்கு எழுதுவதை நிறுத்த வேண்டும் என்றான். அந்த அம்மாள் திரையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவர் பயனருங்க. பயனர நிறுத்த முடியாது."

"பயனர் நான்."

"நீங்க கடைசியா என்ன எழுதுனீங்க?"

"சாப்ட்டியா."

"அதுக்கு முந்தி?"

மோகனசுந்தரம் யோசித்தான். "சாப்ட்டியா."

அந்த அம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இதை வைத்துக்கொண்டு ஒருவரைப் பயனர் என்று சொல்ல முடியாது என்று விளக்கினார். யார் எழுதினால் எதிர்ப்பக்கம் மனம்விட்டுப் பதில் எழுதுகிறார்களோ அவர்தான் பயனர். அதுதான் நடைமுறை. அப்படியானால் தான் யார் என்று மோகனசுந்தரம் கேட்டான். அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். வெகு தூரம் போனார்.

"இதோ இருக்கீங்க. பிற செயலிகள்ல. டார்ச் லைட்டுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவுல."

"நான் அங்க என்ன பண்றேன்?"

"சும்மாதான் இருக்கீங்க. உங்களுக்கு யாரும் இன்னும் அனுமதி குடுக்கல. குடுக்கச் சொல்லிக் கேக்கட்டுங்களா?"

கேளுங்கள் என்றான். வேறு வழி தெரியவில்லை. எதற்கான செயலி என்று அவர் கேட்டார். புருஷன் என்றான். அது ஒரு வேலை இல்லை என்றார். கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். அவர் முகம் தெளிந்தது.

"அப்பப் பார்வை" என்று தட்டினார்.

நிபந்தனைகளை அந்த அம்மாள் வாயால் சொன்னார். அவன் எதையாவது பார்த்தால் மட்டும் செய்தி போகும். பார்த்தது மட்டும்தான் போகும். கேள்வி கேட்கக் கூடாது. சாப்ட்டியா என்பது பார்த்தது ஆகாது. பெயர் இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் "பார்வை" என்று மட்டும் தெரியும். பிறகு பயனருக்குக் கேள்வி போனது. வானிலை அப்போது தாராபுரத்துக்கு மேலே உருவாகிக்கொண்டிருந்த ஒரு மேகத்தில் முழுக் கவனமாக இருந்தார் போலும். படிக்காமல் "சரி"யைத் தொட்டுவிட்டார்.

அன்றைக்கே வானிலை கடைக்கு வந்து வீட்டுச் சாவியைக் கேட்டார். பயனர் வெளியில் தங்குவது நன்றாக இருக்காது என்றார். கேட்ட விதம் அவ்வளவு பணிவாக இருந்ததால் மோகனசுந்தரம் கொடுத்துவிட்டான். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து கடையிலேயே, கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மஞ்சள் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று கடை வாசலில் நின்றது. மூட்டைகளின் மேல் ஒரு வெள்ளை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அது படுத்திருந்த பக்கம் மஞ்சளாகியிருந்தது. மோகனசுந்தரம் அதைப் பார்த்தான். பார்த்ததும் கைபேசி நடுங்கியது. பார்த்ததை எழுதினான்.

"யாருங்க?" என்று பதில் வந்தது.

கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை. சும்மா இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது.

"நாய் எந்திரிச்சுதுங்களா?"

அவன் வாசலுக்கு ஓடினான். டெம்போ கிளம்பியிருந்தது. கூடவே தெருமுனை வரை ஓடினான். நடை பின்னாலேயே ஓடிவந்தார். முனையில் டெம்போ திரும்பியபோது நாய் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறு பக்கமாகப் படுத்துக்கொண்டது. மோகனசுந்தரம் நடுத்தெருவில் நின்றுகொண்டு எழுதினான்: எந்திரிச்சுது. இப்ப வெள்ளைப் பக்கம் கீழ இருக்குது.

"சாயங்காலத்துக்குள்ள முழுசா மஞ்சளாயிரும்" என்று கோகிலவாணி எழுதினாள்.

அதற்குப் பிறகு அவன் பார்க்க ஆரம்பித்தான். இவ்வளவு நாளும் அவன் மற்றவர்களுடைய கண்களுக்குள்ளேதான் பார்த்திருக்கிறான். கண்கள் என்ன பார்க்கின்றன என்று பார்த்ததில்லை. ஒரு பெரியவர் வந்து கடையிலிருந்த எல்லாக் கண்ணாடிகளையும் போட்டுப் பார்த்துவிட்டு, மீசையைச் சீவிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போனார். எழுதினான். ஒரு அம்மாள் புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் தன் கையில் பச்சை குத்தியிருந்த பெயரைப் படித்தார். "இது என் பேரே இல்லியே" என்றார். கண்ணாடி நன்றாக இருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதையும் எழுதினான்.

கோகிலவாணி அதற்கு ஒரு பக்கம் எழுதினாள். அன்றைக்கு அவள் தட்டில் கொத்தமல்லி முளைத்திருந்ததாம். எல்லா முளையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததாம். வழக்கமாகச் சன்னல் பக்கம் சாயும். இவை சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லையாம். தட்டை யாருக்கும் தெரியாமல் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறாளாம்.

மோகனசுந்தரம் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடையைப் பெருக்கினான். மறுபடி படித்தான். மறுபடி பெருக்கினான்.

ஒருநாள் அவள் இப்படி எழுதினாள். "எங்க வீட்டுக்காரர் முந்தியெல்லாம் 'ம்'னு மட்டும்தான் போடுவாருங்க. எனக்குக் கோவமா வரும். இப்ப நல்லாப் பேசறாரு. எந்நேரமும் மழை, காத்துன்னு எழுதிட்டே இருக்காரு. என்னமோ தெரியல, இப்பத்தான் அந்த 'ம்' ஞாபகத்துக்கு வருது. அதுல ஒண்ணுமே இருக்காது. நான் என்ன வேணும்னாலும் நெனச்சுக்குவேன்."

அந்த "ம்" போட்டவனை மோகனசுந்தரத்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சம்பாதித்து வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட ஆளோடு எப்படிப் போட்டி போடுவது? அன்றைக்கு எதிரில் தென்பட்ட எதையும் அவன் பார்க்கவில்லை. பார்த்தாலும் எழுதியிருக்க மாட்டான்.

புரட்டாசியில் ஒருநாள் வானிலை கடைக்கு வந்தார். இப்போது அவர் இரண்டு தோள்களும் நனைந்திருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவங்க இப்பெல்லாம் எனக்கு 'ம்'னு மட்டும் போடறாங்க" என்றார்.

"அப்படீங்களா."

"வேற யாரோ எழுதறாங்க போல."

"இருக்கலாமுங்க."

"யாருன்னு பாக்கோணும். எனக்குக் கண்ணு சரியில்ல. டெஸ்ட் பண்ணுங்க."

மோகனசுந்தரம் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசோதித்தான். வானிலைக்கு வருகிற வாரம் துல்லியமாகத் தெரிந்தது. நாளைக்கு நடப்பதும் தெரிந்தது. இன்றைக்கு நடப்பதுதான் மங்கலாக இருந்தது. எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் இன்று தெளியவில்லை. மோகனசுந்தரத்தின் முகம் அவர் மூக்குக்கு எதிரிலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குக் கண்ணாடி கிடையாது என்று மோகனசுந்தரம் சொன்னான். சொல்லும்போது தன் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கச் சிரமப்பட்டான். வானிலை தலையசைத்தார். எழுந்து போகும்போது, இந்தச் சனிக்கிழமை தனக்குக் காய்ச்சல் வரும் என்று சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. கோகிலவாணி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். வானிலை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தலைவலிக்கிறது, கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவள் அவரிடம் சொன்னது கேட்டது. அவரை வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். நாய் போன தெருவைப் பார்த்தாள். பெரியவர் மீசை சீவிய நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள்.

மோகனசுந்தரம் சோதனைச் சட்டத்தை எடுத்து அவள் முகத்தில் மாட்டினான். அவள் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. அது எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் மேசைமேலிருந்த கைபேசி நடுங்கியது. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னான். அவள் மேலிருந்து கீழே வரை படித்தாள். கடைசி வரிக்கும் கீழே, பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் கடுகு அளவில் இருந்தது. அதையும் படித்தாள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அவன் வில்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தான்.

"இது தெளிவா இருக்குதுங்களா, அதுங்களா?"

"ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்க."

"இப்ப?"

அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்காரர் சாயல்ல இருக்கீங்க."

"அப்படீங்களா."

"முந்தி இருந்தாரே. அந்தச் சாயல்."

அவன் கையில் ஒரு வில்லை இருந்தது. அதை எங்கே மாட்டுவது என்று மறந்துவிட்டது. செய்தியில்தான் கேள்வி கேட்கக் கூடாது. வாயால் கேட்கலாம் என்று நினைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவர் நல்லவருங்களா?"

கோகிலவாணி வாசல் பக்கம் திரும்பி வானிலையைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவனைப் பார்த்தாள்.

"எவரைக் கேக்கறீங்க?"

சட்டத்தைக் கழற்றித் துணியால் துடைத்தான். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று சொன்னான். தயாராக ஒரு வாரம் ஆகும், அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். போகவில்லை.

"அதுக்கு முந்தி ஆகாதுங்களா?"

"புதன்கிழமை பாக்கலாமுங்க."

"புதன்கிழமை லீவு போட்டுட்டு வர்றேன்" என்றாள். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே சொன்னாள். "அவருக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்ல மாட்டேனுங்க."

அவள் படியிறங்கினாள். வானிலை தும்மினார். அவள் அவருடைய துண்டை இழுத்துக் கழுத்தை நன்றாக மூடிவிட்டு, பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். எதிர்ச்சாரியில் பூக்காரி இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

மோகனசுந்தரம் கல்லாவுக்குப் பின்னால் நின்றான். தன் வீட்டுக்கு நடந்து போகிற அந்த மனிதர் மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அது பழகிப்போயிருந்தது. இப்போது புதிதாக ஒன்று கிளம்பியது. தாராபுரத்தில் முளைகளை அப்படியே விட்டுவிட்டு, லீவு போட்டு, புருஷனிடம் பொய் சொல்லி, தன் மனைவி புதன்கிழமை இதே கடையில் ஒருவனைப் பார்க்க வரப்போகிறாள். அந்த ஆளை அவன் விடுவதாக இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தான். ஷட்டரை இறக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.